பட்டு மாடியில் காற்று சுத்தமாம்

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த தக்காளியை வீட்டுக்கு வந்து மறுபடியும் நிறுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணை மூடினால், நிஜமாகவே தூங்குகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வருவேன். என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியவர், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். “கூடவே வளந்தவன்னுகூட பாக்காம, பொண்ணு பாக்க வந்தப்ப இதெல்லாம் சொந்தப் பல்லுதானான்னு கேட்டவ நீ” என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். கேட்டது உண்மைதான். முன்பல் ஒன்று கொஞ்சம் வெளுப்பாக இருந்தது.

நாங்கள் இருவரும் சிதம்பரத்தில் ஒரே ஜவுளிக்கடையில் வேலை செய்கிறோம். புவனகிரியிலிருந்து காலையில் ஒரே பஸ்ஸில் போவோம், கடை சாத்தியதும் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். எனக்கு மாடியில் பட்டு செக்‌ஷன். அங்கே நிற்கிற பெண்களுக்கெல்லாம் நான்தான் மேற்பார்வை. அவருக்கு மொட்டை மாடியில் ஏசி ரூம். அவர் ஊதிவிடுகிற காற்றைத்தான் நான் சுவாசிக்க வேண்டும். வீட்டில் நடப்பதற்கு இது நேர் எதிர் என்று கடையில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள்.

கட்டடம் பழையது. முதலில் லாட்ஜாக இருந்ததாம். கடையாக மாற்றியபோது மாடி ஜன்னல்களையெல்லாம் அடைத்து அலமாரி போட்டு, கூரைக்குக் கீழே தகரக் குழாய்களை ஓட்டியிருந்தார்கள். மேலே பெரிய ப்ளோயர் ஒன்று. காலையில் மாமா சுவிட்சைப் போட்டால் இரவு வரைக்கும் ஒரே வேகம்தான். மாடியில் ஒரே ஒரு கிழவி ஜாக்கெட் துணி பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, முகூர்த்த நாளில் நான்கு கல்யாண வீட்டார் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தாலும் சரி, அது பாட்டுக்கு வெளியே வெந்து கிடக்கிற காற்றை இழுத்துக் குளிர வைத்து ஊதிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் எங்களுக்கெல்லாம் குரல் பெரிதானது.

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு, கரண்டு செலவைக் குறைக்க வேண்டுமென்று முதலாளி புதுச்சேரியிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்களைக் கூட்டி வந்தார். ப்ளோயரைத் தூக்கவில்லை, குழாய்களையும் மாற்றவில்லை. மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கருவியை மேலே பொருத்தினார்கள். மாடியில், ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்தில், சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டியை மாட்டினார்கள். அதன் முகத்தில் மெல்லிய துவாரங்கள், ஓரத்தில் மினுக்குகிற பச்சை விளக்கு. கீழ்த்தளத்துக்கு எதுவும் இல்லை, அங்கே வாசல் தெருவைப் பார்த்து எப்போதும் திறந்துதான் கிடக்கும்.

வந்திருந்த இன்ஜினியர் எங்களுக்கு விளக்கினார். ஆட்கள் அதிகமானால் மூச்சுக் காற்று சேர்ந்து மாடியில் காற்று கெடும். பெட்டி அதைக் கண்டுபிடித்து ப்ளோயரை வேகமாக ஓட்டும். கூட்டம் கலைந்தால் மெதுவாக ஓட்டும். கரண்டு மிச்சம்.

எனக்கு ஒரு வார்த்தையிலும் நம்பிக்கை வரவில்லை. சுவரில் ஒரு பெட்டி, அதில் ஒரு விளக்கு, அது நாள் முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கேமரா என்று சொன்னால் முறைப்போம் என்றுதான் காற்று, மூச்சு என்று கதை விடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் டீ குடித்தேன். செக்‌ஷனில் ஒரு பெண் என்னைவிடத் துணிச்சல்காரி. பெட்டிக்கு நேரே போய் நின்று, “முதலாளி வீட்டம்மா நம்ம கடையில புடவ எடுக்கறதே இல்லியாம், சென்னைக்குப் போயித்தான் எடுக்குறாங்களாம்” என்று சத்தமாகச் சொன்னாள். கீழேயிருந்து கூப்பிட்டு விடுவார்களோ என்று நாங்கள் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதும் எனக்குச் சந்தேகம் முழுதாக விட்டுப்போகவில்லை. கேட்டுவிட்டுக் கேட்காதது போல இருப்பதும் முதலாளிகளுக்குக் கைவந்த கலைதான்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்கள் மாடி நன்றாக இருந்தது. கூட்டமில்லாத நேரத்தில் சத்தம் அடங்கிவிடும். எங்கள் குரல் எங்களுக்கே கேட்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். கூட்டம் ஏறினால் மேலே உறுமல் ஏறும், முகத்தில் காற்று படும்.

மாமாதான் உம்மென்றாகிவிட்டார். முன்பு சுவிட்சைப் போடுவது, மதியம் பார்ப்பது, மழை நாளில் குறைப்பது எல்லாம் அவர் கையில் இருந்தது. இப்போது எல்லாம் தானாக நடக்கிறது. ஒருநாள் கீழே கல்லாவில் வைத்து முதலாளி போகிற போக்கில், “இனிமே மெஷினே பாத்துக்கும். உனக்கு என்னா வேலைன்னு தீவாளி முடிஞ்சி பாக்கலாம்” என்று சொல்லியிருக்கிறார். வேறு இடத்தில் வேலை கொடுப்பாரா, கணக்கை முடித்து அனுப்புவாரா, ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி மாமா சரியாகச் சாப்பிடவில்லை. “அது என்னா பெரிய மூளையா? நாளைக்கே ஒரு பூச்சி உள்ள பூந்தா தெரியும்” என்றார். அந்தப் பேச்சு என் மனசில் அப்படியே பதிந்து விட்டது.

ஆயுத பூஜை முடிந்தது, தீபாவளிக் கூட்டம் தொடங்கியது. குமராட்சிப் பக்கத்திலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். மாடியில் கால் வைக்க இடமில்லை. அந்த நேரம் பார்த்து ப்ளோயர் ஊமையாகி விட்டது. நின்றுபோகவில்லை. மெதுவாக, ஆளில்லாத நேரத்தில் ஓடுவது போலவே ஓடிக்கொண்டிருந்தது. புடவைப் பெட்டியின் அட்டையை எடுத்து வாடிக்கையாளர்கள் விசிறிக்கொண்டார்கள். வியர்வையும் மல்லிகைப்பூவும் புதுத்துணி வாசனையும் ஒன்றாகக் கலந்து தலையை வலித்தது. பெட்டிக்கு முன்னால் நின்று முதலாளி வீட்டம்மாவைப் பற்றிப் பேசினாளே, அந்தப் பெண் ஒரு மதியம் புடவையை விரித்துக் காட்டும்போதே அப்படியே உட்கார்ந்து விட்டாள். தண்ணீர் தெளித்துக் கீழே அழைத்துப் போனோம். மறுநாளே கல்யாணப் பெண்ணின் தாயார் ஒருவர், “மூச்சு முட்டுது, வேற கடைக்குப் போலாம்” என்று எழுந்து போய்விட்டார். அதுதான் முதலாளிக்கு உறைத்தது.

முதலாளி இன்ஜினியருக்குப் போன் போட்டார். அவர் புதுச்சேரியில் உட்கார்ந்தபடியே தன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, மாடியில் காற்று சுத்தமாக இருக்கிறது, எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். முதலாளி மாடிக்கு வந்து எங்கள் எல்லோர் முன்னாலும் அதை அறிவித்தார்.

“காத்து சுத்தமா இருக்குன்னு மெஷின் சொல்லுது. ஒண்ணு நீங்க பொய் சொல்லணும், இல்ல மேல யாரோ கைய வெச்சி வெளையாடணும்.”

மேலே இருப்பது ஒரே ஒருவர்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி மாமாவைக் கீழே கூப்பிட்டு, அத்தனை பேர் பார்க்க, “புது மெஷினு வந்தா ஒன் வேல போயிடும்னு நீ இத பண்றியாப்பா?” என்று கேட்டார். மாமா, “நான் அதத் தொடவே இல்ல முதலாளி” என்றார். “தீவாளி வரைக்கும் டயம். அதுக்குள்ள சரியாவலைன்னா நீ வேற எடம் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு முதலாளி இறங்கிப் போனார்.

நான் அவரை நம்பினேனா என்றால், இல்லை. எப்படி நம்புவது? யாருக்கு லாபம் என்று பார்த்தால் கை அவரைத்தான் காட்டியது. புது ஏற்பாடு தோற்றால் பழைய சுவிட்ச் திரும்ப வரும், சுவிட்ச் வந்தால் அவர் வேலை நிலைக்கும். பூச்சி பூந்தா தெரியும் என்று சொன்ன வாயும் அவர் வாய்தான். அன்று பஸ்ஸில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது மெதுவாகக் கேட்டேன்.

“மாமா, உண்மையச் சொல்லுங்க. கொஞ்சமாவது கை வெச்சீங்களா?”

“வெக்கல.”

“எங்கிட்டயாவது சொல்லலாம்ல?”

“அதத்தான் சொல்றேன். வெக்கல.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொள்பவரைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியாகும். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் மொட்டை மாடிக்கு ஏறினேன். படிக்கட்டின் உச்சியில் இருக்கிற இரும்புக் கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். அன்று ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்து அகலத் திறந்து வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் மாமா சட்டென்று எழுந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

“கதவத் தொறந்து வெச்சா கீழ குளிரு நிக்குமா? இதான் ஒங்க வேலையா?”

“காத்து போவட்டும்னு தொறந்தேன்.”

“எந்தக் காத்து?”

அவர் டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. வேலை போனால் வீட்டுக்கடன் என்னாவது என்ற பயம் ஒரு பக்கம். இந்த மனுஷன் தன் வேலையைத் தானே கெடுத்துக்கொண்டு என்னிடமும் பொய் சொல்கிறாரே என்ற ஆத்திரம் இன்னொரு பக்கம். ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் பட்டுப்புடவை இருப்பு குறைந்துவிட்டது. கடலூரில் முதலாளியின் தம்பிக்கு ஒரு கடை உண்டு, அங்கிருந்து எடுத்து வரச் சொல்லி என்னைக் கடை வேனில் அனுப்பினார்கள். கடலூருக்கு முன்னால் தொழிற்பேட்டையின் ரசாயன வாடை மூக்கில் ஏறியபோதுகூட, எங்கள் மாடிக்கு இது தேவலை என்றுதான் தோன்றியது.

தம்பி கடையிலும் அதே கம்பெனி, அதே ஏற்பாடு, பூஜைக்கு அடுத்த வாரம்தான் பொருத்தினார்களாம். உள்ளே நுழைந்ததும் எனக்கு முகம் விழுந்துவிட்டது. எங்கள் கடையைப் போல ஒன்றரை மடங்கு கூட்டம், ஆனாலும் காற்று ஜிலுஜிலுவென்று வருகிறது. விற்கிற பெண்கள் சிரித்துப் பேசுகிறார்கள். மேலே ப்ளோயர் நன்றாக உறுமுகிறது. அப்படியானால் மெஷினில் கோளாறு இல்லை, மாமாதான் என்று நினைத்தேன். புடவைகளை எண்ணி வாங்கிக்கொண்டு திரும்பும்போது சுவரில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன்.

அது வெள்ளையாக இருந்தது.

எங்கள் பெட்டி மஞ்சள் அல்லவா என்று நின்றேன். தினமும் பார்த்துப் பழகியதில் அதன் நிறமே மஞ்சள் என்று ஆகிவிட்டிருந்தது. அப்புறம்தான் ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. எங்கள் முதலாளி பூஜையன்று கடையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே சந்தனம் வைப்பார். கல்லாப் பெட்டி, பில் மெஷின், கத்தரிக்கோல், லிஃப்ட் கதவு, எதையும் விடமாட்டார். புதிதாக வந்த பொருளுக்குக் கூடுதல் மரியாதை. அந்த வருஷம் புதிது அந்தப் பெட்டிதான். உள்ளங்கை நிறையச் சந்தனத்தை எடுத்து, துவாரமெல்லாம் மூடும்படி அதன் முகத்தில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். பக்கத்தில் கிண்ணத்தைப் பிடித்து நின்றவள் நான். அப்படி வைத்ததை எங்கள் கடையில் யாரும் துடைக்க மாட்டோம். தானாகக் காய்ந்து உதிர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பூஜை வர வேண்டும். பில் மெஷினில் போன வருஷத்துக் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பூஜையன்று காலையில் கடை காலி. அந்தக் காலிக் கடையின் நல்ல காற்று சந்தனத்துக்குப் பின்னால் அடைபட்டுவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை பேர் மாடியில் வந்து மூச்சுவிட்டாலும் பெட்டிக்கு அது போய்ச் சேரவில்லை. காற்று சுத்தம் என்று புதுச்சேரிக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, பாவம்.

வேன் சிதம்பரம் திரும்பியதும் புடவைக் கட்டுகளை அப்படியே போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். மூச்சு வாங்க வாங்க மாமாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“தெரியும்” என்றார்.

“எப்பலேருந்து?”

“காத்து வரலைன்னு நீங்க மொதல்ல சொன்ன அன்னிக்கே எறங்கி வந்து பாத்தேன். நேரா போயி முதலாளிகிட்ட தனியா சொன்னேன். கரண்டு மீட்டரைப் பாத்துட்டு வந்தாரு. செலவு நல்லா எறங்கியிருந்துது. அம்பாள் குடுக்கறா, என் கையால வெச்சத எதுக்குத் தொடைக்கணும், தீவாளி போவட்டும், அது வரைக்கும் யார்கிட்டயும் பேசாதன்னுட்டாரு.”

எனக்குப் புரியவில்லை. “தெரிஞ்சிக்கிட்டேவா எல்லார் முன்னாடியும் ஒங்களக் கேட்டாரு?”

“தெரிஞ்சதாலதான் அவ்வளவு சத்தமா கேட்டாரு. புதுச்சேரிக்குப் போன் போட்டதும் ஊருக்குக் காட்டத்தான்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல மாமா?”

“நான் தொடலைன்னு ஒங்கிட்ட சொன்னேன்ல. அதையே நீ நம்பல. முதலாளியே காரணம்னு சொன்னா மட்டும் நம்பிடுவியா? பழிய அவர் மேல போடுறான்னு நெனச்சிருப்ப.”

நினைத்திருப்பேன். அது எனக்கே தெரியும். கதவுக்கு அண்டக் கொடுத்த செங்கல் அங்கேயே கிடந்தது. படிக்கட்டு வழியாகக் கொஞ்சமாவது காற்று எங்களுக்கு இறங்கட்டும் என்று வைத்தது. நான் திட்டிய பிறகும் அவர் தினமும் திறந்துதான் வைத்திருக்கிறார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கடை திறந்து விளக்கேற்றியதும், மாடியில் எல்லாப் பெண்களும் கேட்கும்படி ஆரம்பித்தேன். “என்னா இது, சந்தனம் காஞ்சி வெடிச்சிக் கெடக்குது. வெள்ளிக்கெழமையும் அதுவுமா இப்படி விடலாமா? அம்பாளுக்கு ஆவாது.” ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்தேன். துவாரங்களுக்குள் போனதைப் பழைய பல் பிரஷ்ஷால் எடுத்தேன். கையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. கூட்டம் ஏறத் தொடங்கியது. சற்று நேரத்தில் மேலே உறுமல் கேட்டது, மெதுவாகக் கூடிக்கொண்டே வந்தது. விரித்துப் போட்டிருந்த ஒரு முந்தானை அசைந்தது. அன்று மயங்கி உட்கார்ந்த பெண் கண்ணை மூடி முகத்தைக் காற்றுக்குக் காட்டினாள்.

அந்தச் சத்தம் கீழேயும் கேட்டிருக்க வேண்டும். முதலாளி படியேறி வந்தார். பெட்டியைப் பார்த்தார். “யாரு தொடைச்சது?” என்றார்.

“நான்தான் முதலாளி. வெள்ளிக்கெழம, பழசு காஞ்சி போச்சி. புதுசா நீங்களே ஒங்க கையால வெக்கணும்னு கரைச்சி வெச்சிருக்கேன்.” கிண்ணத்தை நீட்டினேன். மாடி முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது, வாடிக்கையாளர்களும் சேர்த்து. மாமா மேல்படியில் நின்றிருந்தார்.

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, பெட்டியின் மேல் மூலையில், துவாரங்களுக்கு எட்டாத இடமாகப் பார்த்து, மிளகு அளவுக்கு ஒரே ஒரு பொட்டு வைத்தார். பூஜையன்று உள்ளங்கையால் அப்பிய அதே மனிதர். என் சந்தேகம் தப்பில்லை, ஆளை மாற்றித்தான் சந்தேகப்பட்டிருக்கிறேன் என்று அப்போது எனக்கு நூற்றுக்கு நூறு தெளிவானது.

இறங்கும்போது மாமாவைப் பார்த்து, “மெஷினு இப்ப சரியா ஓடுது போலருக்கே” என்றார்.

“ஓடுது முதலாளி” என்றார் மாமா.

அவ்வளவுதான் பேச்சு. தீபாவளிக்கு எல்லோருக்கும் கொடுத்தது போல அவருக்கும் வேட்டி சட்டை வந்தது. பண்டிகை முடிந்தும் வேலையைப் பற்றி முதலாளி வாயைத் திறக்கவில்லை. மாமா இன்றைக்கும் அதே ஏசி ரூமில்தான் இருக்கிறார், மோட்டார் பெல்ட்டையும் ஃபில்டரையும் பார்த்துக்கொள்கிறார். வேலை தப்பியது என்று எனக்கு நிம்மதி. சந்தனத்தைத் துடைத்த அன்று பஸ்ஸில் வழி முழுக்க நானே பேசிக்கொண்டு வந்தேன். சாமர்த்தியமாகச் செய்தேன் என்று பெருமைகூட.

ஒரு வாரம் கழித்து ஒருநாள் மாமா தனியாக, தாமதமாக வீட்டுக்கு வந்தார். பஸ் கிடைக்கவில்லை என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். அவர் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து அடுப்பு மேடையில், என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தார். மறுநாள் மதியம் சாப்பிட்டீர்களா மாமா என்று சும்மா கேட்டேன். டிபன் கேரியரின் ஒவ்வொரு அடுக்காகக் கழற்றி, காலியாக இருப்பதை என் முன்னால் திறந்து காட்டினார். கோபமாகச் செய்யவில்லை. கிண்டலாகவும் செய்யவில்லை. இப்போதெல்லாம் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுகிறார்.